புழு தின்னாத மேசை

மத்தியானம் இரண்டு மணிக்கு, இத்தாலியில் இந்தப் பலேர்மோ நகரத்தின் கடைகளெல்லாம் இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போன பிறகு, தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட ஓடாத அந்த அமைதியில், புழு பிடித்த மரச்சாமான் ஒன்றில் காதை வைத்துக் கேட்டால், அடுத்த அறையில் யாரோ பல்லில்லாத வாயால் முறுக்குக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். "கறுக், கறுக்." கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடியும் "கறுக்." என் பத்து வயதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான். அந்தப் புழு தின்றுகொண்டிருப்பது ஒரு மேசையை மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னாரில் மூன்று வகுப்பு, இங்கே வந்து ஒன்றரை வருடம், அதோடு பள்ளிக்கூடம் சரி. தமிழை மறக்காமல் வைத்திருந்தது பூசைப் புத்தகமும், ஊரிலிருந்து சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களும். இந்தக் கட்டுரையில் இருந்த எழுத்துப் பிழைகளைக் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கும் மாஸ்டர் திருத்தித் தந்தார். கோபத்தையும் கொஞ்சம் குறைக்கலாமே என்றார். "பிழையை மட்டும் திருத்துங்கோ மாஸ்டர், கோவம் என்ர" என்று சொல்லிவிட்டேன்.

படிக்காத நான் இன்றைக்கு இந்த நகரத்தில் வீட்டுச் சாமான் இடம் மாற்றுகிற கொம்பனி ஒன்றுக்கு முதலாளி. சாமான் ஏற்றுகிற நாலு வான், தூக்கி இறக்கும் ஏணி இயந்திரம் ஒன்று, பதினொரு பெடியள். பொலிதேயாமா நாடக அரங்கப் பக்கம் எந்த மாடியிலிருந்து எந்தப் பியானோ எந்தப் படிக்கட்டால் இறங்கும், எந்தச் சன்னலைக் கழற்றினால் இறங்கும் என்று நகரசபைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அலுமாரியின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தே அது உள்ளே உளுத்ததா, நல்லதா என்று சொல்லிவிடுவேன். பழைய சாமான் விற்கிற இத்தாலியக் கிழவர்கள் வாங்க முன்னம் என்னைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது, நானாகச் சம்பாதித்தது.

இந்த வருடம் தவக்காலத்தில், பொலிதேயாமாவுக்குப் பக்கத்து மாளிகை ஒன்றின் முதல் மாடியில் ஒரு கண்காட்சிக்குச் சாமான் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது. ஐம்பதுகளில் இத்தாலியர்கள் செய்த நாற்காலிகள், விளக்குகள், மேசைகள். அந்தக் காலத்தில் உட்கார வாங்கினார்கள், இந்தக் காலத்தில் கயிறு கட்டிப் பார்க்க வைக்கிறார்கள். என் பெடியள் நாலு பேர் போர்வை சுற்றிய ஓர் எழுதுமேசையைத் தூக்கி வர, நான் வழமைபோல மேலே நின்று "இடது, இடது, மூலை கவனம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். வைத்து, போர்வையை அவிழ்த்தார்கள். மீன் முதுகைப்போல நடுவில் மெல்ல உயர்ந்த பலகை, பாயப்போகிற ஆட்டின் கால்களைப்போல வெளியே அகன்ற நாலு கால், ஒவ்வொரு காலுக்கும் பித்தளைச் செருப்பு. அந்த மேசையை எனக்குத் தெரியும். பக்கத்தில் அதைப்பற்றி எழுதிய அட்டையை ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இந்த மாதிரியில் ஐந்து மேசைகள்தான் செய்யப்பட்டனவாம். நான்கு புழுவுக்கு இரையாகிவிட்டனவாம். இது ஒன்றுதான் தப்பியதாம், காரணம், விசித்திரமான பழக்கங்களுக்குப் பேர்போன, இதை வரைந்த மேதை தானே காய்ச்சி, ஒருவருக்கும் சொல்லாமல் இந்த மரத்துக்கு ஊட்டிய ஓர் இரகசிய எண்ணெயாம்.

இரகசிய எண்ணெய்! அது வேப்பெண்ணெய். தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து சாராயப் போத்தலில் வந்த வேப்பெண்ணெய். பூசியவள் என் அம்மா திரேசம்மா. பூசியதற்காக அந்த மேதை அவளையும் என்னையும் தெருவில் விட்டார். அட்டையை அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். பெடியள் பார்த்துக்கொண்டு நின்றதால் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், எங்கள் பங்குக் கோயில் சிஸ்டர்மார் அம்மாவுக்கு இங்கே வீட்டு வேலை ஒன்று பார்த்து அனுப்பினார்கள். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் இரண்டு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். வேலை ஒரு கிழவர் வீட்டில். எழுபது வயது, தனியாள், கட்டடமும் தளபாடமும் வரைகிற "ஆர்கிதெத்தோ." ஊரே அவரை அந்தத் தொழிற் பேராலேயே கூப்பிட்டது, நாங்களும் அப்படித்தான். ஒரு காலத்தில் மிலானோவரைக்கும் பேர் இருந்த மனிதர். பிறகு மிலானோக்காரர் எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார். சமைக்கிற குசினிக்குப் பின்னால் சாமான் அறையில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கட்டில்.

அவருடைய விசித்திரங்களைப்பற்றி அந்தக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு கதவுக்கும் கைபிடி இல்லை, எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார். கைபிடி இருந்தால் மனிதன் யோசிக்காமல் அறைக்குள் நுழைந்துவிடுவானாம். எழுதி வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் நாளைக்கு நாற்பது தரம் அந்தக் கதவுகளைத் திறந்தது யார்? என் அம்மா. இடுப்பில் ஒரு தேக்கரண்டியைச் செருகிக்கொண்டு திரிவாள். ஒரு கையில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கரண்டிக் காம்பைச் சந்துக்குள் விட்டு நெம்பித் திறப்பாள். விசித்திரம் அவருடையது, மணிக்கட்டு வீக்கம் அம்மாவுடையது. பைஜாமாவுக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டி, காலையில் தொப்பியைத் தூக்கி மேசைக்கு "புவோன்ஜோர்னோ" சொல்லுவார். எங்களுக்குச் சொன்னதில்லை.

அம்மாவின் சிநேகிதி பிலோமினா மாமி, கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு கீழ்த்தட்டு அறையில் இருந்தவள், இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுவாள்: "எடியே திரேசா, உதை நீ செய்தா விசர் எண்டு ஆசுப்பத்திரியில கட்டி வைப்பினம். அவன் செய்தா பேப்பரில படம் போடுறாங்கள்."

அந்த மேசையில் அவர் எழுதியதே இல்லை. எழுதுவது, வரைவது எல்லாம் பல்கனியில் முழங்காலில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு. மேசை பார்ப்பதற்கு. வால்நட் மரம், வார்னிஷ் பூச விடமாட்டார். மரத்துக்கு வாயைக் கட்டக் கூடாதாம். வாயைக் கட்டாத மரத்தில் புழு ஏறியது. பலகையின் அடியில், காலின் உட்பக்கத்தில், ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். தினமும் காலையில் மேசைக்குக் கீழே மா மாதிரி மண்ணிற மரத்தூள் கொட்டிக் கிடக்கும்.

அந்த மாவை அம்மா கூட்டி எறியக் கூடாது. வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, கோழி இறகால் ஒரு துளியும் சிந்தாமல் ஒதுக்கி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு குப்பி. மாதம் முடிய அவர் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்து, தலையாட்டி, மாதத்தின் பேரை எழுதி ஒட்டி, அலுமாரியில் வரிசையாக அடுக்குவார். மருந்தடிக்கலாமே என்று கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னதற்கு, "இந்த மேசையைப் புரிந்துகொண்ட ஒரே சீவன் அந்தப் புழுதான், நான் தொடங்கியதை அது முடிக்கிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எங்கள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மேசை. சாப்பிட்டுவிட்டு அவர் தூங்குகிற மத்தியான நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாடம் எழுதிக்கொண்டிருக்க, அம்மா துணி மடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருப்பாள். அவளுடைய தகப்பன் மன்னாரில் வள்ளம் கட்டினவர். மரம் கடிபடுகிற சத்தம் அவளுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் மாதிரி. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் கூரை வளையிலும் கதவிலும் "உளு" விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை, வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள், பூசுவார்கள், அவ்வளவுதான். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "நாளைக்கு உந்த மேசை முறிஞ்சு விழுந்தா ஆரைப் பிடிப்பினம்? புழுவையோ? துடைச்ச கறுப்பியைத்தான் பிடிப்பினம்" என்றாள்.

ஊருக்குப் போய் வந்த பிலோமினா மாமி ஒரு போத்தல் வேப்பெண்ணெய் கொண்டுவந்தாள். எனக்குத் தலையில் பேன் என்று சொல்லி வாங்கினாள் அம்மா. எனக்குப் பேனே இல்லை. ஆனால் சந்தையில் மூன்று பெண்கள் என்னைக் கண்டு தள்ளிப்போனார்கள்.

வியாழக்கிழமைகளில் ஆர்கிதெத்தோ முடிவெட்டுகிற கடைக்குப் போய், வெட்டுகிறவரோடு மூன்று மணித்தியாலம் சண்டை போட்டுவிட்டு வருவார். அந்த மூன்று மணித்தியாலம் எங்களுடையது. குளிரில் வேப்பெண்ணெய் உறைந்துபோகும், போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்குவாள். பிறகு முதுகைத் தரையில் வைத்து மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு, கோழி இறகின் நுனியில் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு துளைக்குள்ளும் விடுவாள். கண்ணில் விழும், வாயில் விழும், "சீ, கைப்பு" என்று துப்பிவிட்டு அடுத்த துளைக்குப் போவாள். பழைய சாரத் துண்டால் அடிப்பலகை முழுக்கத் தேய்ப்பாள். மேலே பூசியதில்லை; நிறம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். நாற்றம் போகச் சன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பில் தோடம்பழத் தோலை அவிப்போம். அவர் சுருட்டுக் குடிக்கிறவர், மூக்கு எப்போதோ செத்துவிட்டது, அது எங்களுக்கு வசதி.

"மோனை, காதை வைச்சுப் பார். கேக்குதோ?"

"கேக்குது அம்மா."

"இன்னும் எத்தினை கிடக்கு எண்டு பாப்பம்."

ஒவ்வொரு வியாழனும் இதே கதை. மாசி போய், பங்குனி போய், ஒரு வியாழக்கிழமை நான் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மற்றக் காலில் வைத்தேன், பலகையில் வைத்தேன். இல்லை. மேசைக்குக் கீழே கிடந்தபடியே அம்மா சிரித்தாள். கன்னமெல்லாம் எண்ணெய், கழுத்தில் செபமாலை ஒரு பக்கம் போய்க் கிடக்கிறது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இத்தாலிக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புழு செத்தால் மாவும் விழாது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. எண்ணெய் பூசுகிறவளுக்கும் காது வைத்துக் கேட்கிறவனுக்கும் மரம் தப்பினால் போதும் என்றிருந்தது. மாதக் கடைசி வரப் பார்த்தால், குப்பியின் அடியில் நகக்கண் அளவுதான் கிடக்கிறது. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. நான் பார்த்தேன். பத்து வயதிலேயே எனக்கு மூளை இருந்தது, அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். அவள் குளிக்கப் போன நேரம் எங்கள் அறைக்குள் போய், பிட்டு அவிக்க ஊரிலிருந்து வந்த வறுத்த சிவப்பரிசி மாவின் தகரப் "பேணி"யைத் திறந்தேன். அதே நிறம், அதே மென்மை. இரண்டு கரண்டி எடுத்துக் குப்பியில் போட்டுக் குலுக்கினேன். கடவுளே வந்து பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

கடவுள் சுவைத்துப் பார்ப்பதில்லை. ஆர்கிதெத்தோ சுவைத்தார்.

விரலை நாக்கில் வைத்தவர் அப்படியே நின்றார். மறுபடியும் விரலை விட்டு எடுத்துச் சப்பினார். முகம் முதலில் சந்தோசப்பட்டது, சாப்பாட்டுச் சாமான் அல்லவா. பிறகு வெள்ளையாகப் போனது. தரையில் மண்டியிட்டு, மேசைக்குக் கீழே தலையை விட்டு, அடிப்பலகையைத் தடவி, கையை மூக்குக்குக் கொண்டுபோனார். செத்த மூக்குக்கும் அது மணத்திருக்க வேண்டும்.

"யார்?" என்று கேட்டார். அவர் அதுவரை எங்களிடம் கத்தியதில்லை, அன்றைக்கும் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், "யார் இதைத் தொட்டது?"

அம்மா என்னைப் பார்த்தாள். குப்பியைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஒரு பொய் போதும். எண்ணெய் கீழே சிந்திவிட்டது என்றிருக்கலாம், பெடியன் குழப்படி என்று என் முதுகில் இரண்டு போட்டிருக்கலாம், ஒன்றுமே தெரியாது என்று கண்ணைக் கசக்கியிருக்கலாம். அவருக்கு வேறு வேலைக்காரி கிடைப்பது கஷ்டம், விட்டிருப்பார். அம்மா கரண்டியை இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். எண்ணெய்க் கறை பிடித்த இரண்டு கையையும் அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

"இயோ" என்றாள். நான்.

அவளுக்குத் தெரிந்த இத்தாலியன் அதற்கு மேல் போகவில்லை, மிச்சத்தை என்னிடம் சொன்னாள், நான் சொன்னேன். "நான்தான் பூசினனான் எண்டு சொல்லு. புழுவைக் கொன்றதும் நான்தான். மா பிள்ளை போட்டது, பயத்தில போட்டவன். மேசை இனி ஒருநாளும் உளுக்காது, அவர் செத்த பிறகும் நிக்கும் எண்டு சொல்லு." நானும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பயமே இல்லை. நல்லது செய்திருக்கிறோம், இவர் இப்போது தொப்பியைத் தூக்கி எங்களுக்கும் ஒரு "புவோன்ஜோர்னோ" சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

தன்னோடு சேர்ந்து வேலை செய்த தோழனை, அந்தப் புழுவை, அம்மா கொன்றுவிட்டாள் என்றார் ஆர்கிதெத்தோ. கொலைகாரியோடு ஒரே கூரையில் இருக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அறை காலியாக வேண்டும் என்றார். அதோடு நின்றாரா? திங்கட்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, அன்றைக்குப் பைஜாமா இல்லாமல் ஒழுங்கான உடுப்போடு, பொலிஸ் அலுவலகமான "குவெஸ்தூரா"வுக்குப் போய், இந்தப் பெண் இனி என்னிடம் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வீட்டு வேலைக்கு வந்தவளுக்கு அந்த வீடுதான் அத்தாட்சி. வீடு போனால் இந்த நாட்டில் இருக்கத் தருகிற அனுமதிப் பத்திரமான "பெர்மெஸ்ஸோ"வும் போகும். விசித்திரமான மனிதராம். குவெஸ்தூராவுக்கு வழி கேட்காமல் போகத் தெரிந்த விசித்திரம்.

பிலோமினா மாமியின் கீழ்த்தட்டு அறையில் ஏழு பேரோடு நாங்களும் படுத்தோம். பத்திரம் இல்லாத அம்மா வெளியே தலை காட்டப் பயந்து, ஆட்கள் கொண்டுவந்து தருகிற துணியை உள்ளேயே இருந்து தைத்தாள். யாராவது வெளியே போக வேண்டுமே. நான் போனேன். போர்கோ வெக்கியோச் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. விலாசம் கேட்பார்கள், விலாசம் சொன்னால் அம்மாவைப் பிடிப்பார்கள் என்று போகவில்லை. எங்கள் வகுப்புக்குப் படிப்பித்த சிஞ்ஞோரா ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு கையைப் பிடித்தாள். உதறிக்கொண்டு ஓடினேன். அரசாங்கம் எல்லாருக்கும் பத்திரம் கொடுத்த காலம் வர எனக்கு மீசை வந்துவிட்டது. மீசையோடு யார் ஐந்தாம் வகுப்பில் இருப்பது?

நான் அழவில்லை, இப்போதும் அழவில்லை. பெட்டி தூக்கின முதுகுதான் என்னை முதலாளியாக்கியது. ஆனால் என் பிழைப்பைக் காட்டி அவரை மன்னிக்கச் சொல்லாதீர்கள். பள்ளிக் கொப்பி பிடிக்க வேண்டிய கையில் பெட்டியைத் தந்துவிட்டு, பெட்டி நல்லாய்த் தூக்குகிறான் என்று மெச்சுவது எந்த ஊர் நியாயம்?

கண்காட்சி வேலைக்குப் பொறுப்பானவள் ஒரு சிஞ்ஞோரா, முப்பது வயது இருக்கும், தடித்த கண்ணாடி. அட்டை பிழை என்றேன். சிரிக்கவில்லை, அதற்கு அவளைப் பாராட்ட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரு பழைய பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினாள். நாங்கள் போய் ஐந்தாறு வருடம் கழித்து யாரோ அவரைக் கண்டு எழுதியது. மற்ற மேசைகளெல்லாம் விழுந்துவிட்டன, உங்களுடையது எப்படி நிற்கிறது என்று கேட்டதற்கு, அது என் இரகசியம், ஓர் எண்ணெய் என்று கண்ணைச் சிமிட்டியிருக்கிறார். தோழனைக் கொன்ற எண்ணெய்க்குத் தானே தகப்பனாகிவிட்டார்! நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், தமிழில். அவள் என்ன என்று கேட்கவில்லை.

"உங்கள் அம்மா இருக்கிறாரா?" என்று கேட்டாள். "அவர் வந்து தன் வாயால் சொன்னால் போதும். திறப்பு விழாவுக்கு முன் அட்டையை மாற்றுவேன். அவர் பேரைப் போடுவேன்."

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. திரேசம்மா என்ற பேர், ஆர்கிதெத்தோவின் பேருக்குப் பக்கத்தில், அச்சில். எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போர்கோ வெக்கியோவில் என் வீட்டுக்குக் கீழேயே இருக்கிறாள். விசயத்தைச் சொன்னேன். "உதெல்லாம் ஏன் இப்ப?" என்றாள். விடவில்லை. இரண்டு நாள் கெஞ்சி, மூன்றாம் நாள் கத்தி, ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டவைத்து, மேலே கோட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். படியேற மாட்டாள் என்று என் பெடியள் இரண்டு பேர் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். "பியானோ மாதிரித் தூக்கிறாங்கள்" என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தாள்.

மேசைக்கு முன்னால் இறக்கினோம். நெடுநேரம் பார்த்தாள். குனிய முடியாது, இருந்தபடியே கையை நீட்டிப் பலகைக்கு அடியில் விட்டுத் தடவினாள். நல்லாயிருக்கு என்பதுபோல ஒரு தலையாட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி. சிஞ்ஞோரா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"சிஞ்ஞோரா தெரேசா, இந்த மேசைக்கு எண்ணெய் பூசியது நீங்களா?"

அம்மா மேசையிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

"இல்லை சிஞ்ஞோரா" என்றாள், நல்ல இத்தாலியனில், ஐம்பது வருடத்து இத்தாலியனில். "நான் தொட்டதே இல்லை. தூசு மட்டும்தான் தட்டினேன். மகன் சின்னப் பிள்ளை அப்போது, அவனுக்கு ஞாபகம் பிழை."

நான் "அம்மா!" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. சிஞ்ஞோரா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பேனாவை மூடினாள். மூடாமல் என்ன செய்வாள்?

வெளியே வந்து வானில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்? ஆருக்குப் பயம் இப்ப? அந்தாள் செத்து முப்பது வருசம்!"

"கத்தாதை. சனம் பாக்குது."

"பாக்கட்டும். ஏன் எண்டு சொல்லுங்கோ."

"ஒருக்கா 'நான்தான்' எண்டு சொன்னனான்" என்றாள். "அதுக்கு உன்ர பள்ளிக்கூடம் போச்சு. இப்ப உன்ர சின்னவள் யூனிவசிற்றியில படிக்கிறாள், குடியுரிமைக்கு எழுதிப் போட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறாள். பேப்பர் எல்லாம் இத்தாலிக்காரரின்ர கையில கிடக்கு. இன்னொருக்கா நான் வாய் திறந்து அவளின்ர படிப்பையும் குடுக்கவோ?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அண்டைக்கும் சம்பந்தம் இல்லை மோனை. மேசைக்கும் உன்ர படிப்புக்கும் என்ன சம்பந்தம் கிடந்தது?"

நாலு வானும் பதினொரு பெடியளும் வைத்திருக்கிற நான் வானைக் கிளப்பினேன். வீட்டு வாசலில் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

கண்காட்சி இப்போது நடக்கிறது. அட்டை மாறவில்லை. சனம் இரகசிய எண்ணெயைப்பற்றி வாசித்து, தலையை ஆட்டி, மேசையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த மூன்றாம் மாடி வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், கதவுகளுக்கெல்லாம் புதிசாகக் கைபிடி போட்டாயிற்று. கபோவில் நாங்கள் படுத்த கீழ்த்தட்டு அறையில் இன்றைக்கு வைன் விற்கிறார்கள். பிலோமினா மாமி போய்ச் சேர்ந்துவிட்டாள். போகிறவை போகட்டும், அவற்றுக்காக நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த முப்பத்தைந்து வயதுப் பெண். எண்ணெய்க் கையை விரித்துக்கொண்டு ஒரு பெரிய மனிதனுக்கு முன்னால் கண்ணிமைக்காமல் நின்றாளே, அவள். மேசை நிற்கிறது, நூறு வருடம் நிற்கும், நான் தூக்கிப் பார்த்துவிட்டேன், உள்ளே புதுத் துளை ஒன்றும் இல்லை. அவளைத்தான் தின்றுவிட்டார்கள்.